மழைப் புத்தகமும் எட்டாவது போர்ட்டும்

அந்த யோசனை எனக்கு ஈஜோக் சாலையில், செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது வந்தது. முன்னால் போன லோரி நனைந்துகொண்டிருந்தது. என் கார்மேல் ஒரு சொட்டு இல்லை. சாலைக்குக் குறுக்கே கோடு கிழித்ததுபோல் அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் வெயில். கோட்டைத் தாண்டியதும் கண்ணாடியில் மழை அறைந்தது. வைப்பரைத் தட்டினேன். தட்டிய கை அங்கேயே நின்றுவிட்டது. ஒரு தோட்டத்து நெட்வொர்க் சுவிட்சில் எட்டாவது போர்ட்டின் தோல்விக் கணக்கு சில நாள் ஏறுகிறது, சில நாள் ஏறவில்லை. ஏன் என்று மூன்று நாளாகத் திரையைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளில் ஒரு தடவையாவது ஜன்னலுக்கு வெளியே பார்த்திருக்கலாம்.

நீங்கள் மூன்று பேரும் திங்கட்கிழமை குவாலா சிலாங்கூர் அலுவலகத்தில் வேலைக்குச் சேருகிறீர்கள். உங்களை வரவேற்க வேண்டியவன் நான். நான் இருக்க மாட்டேன். தலைமை அலுவலகத்தில் இருப்பேன். ஏன் அங்கே போகிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இதை எழுதி உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். நான் உங்களைவிட ஆறு வருடம்தான் மூத்தவன். ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுபோல் நிதானமாக எழுத எனக்கு வராது. கோபம் ஆறட்டும் என்று இரண்டு வாரம் காத்திருந்தும் பார்த்தேன். ஆறவில்லை.

நம் வேலை என்ன என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நான் என் பாணியில் சொல்கிறேன். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் இருக்கிறது. அதன் ஒவ்வொரு போர்ட்டிலும் ஒரு காவல்காரன் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வயரைச் சொருகியதும் “நீ யார்?” என்று கேட்பான். சரியான பதில் வந்தால் உள்ளே விடுவான். எத்தனை தடவை கேட்டான், எத்தனை பதில் வந்தது, எத்தனை பேரை விட்டான், எத்தனை பேரை மறுத்தான், கடைசியாகப் பேசிய சாதனத்தின் அடையாள எண் என்ன என்று எல்லாவற்றையும் எண்ணி வைத்திருப்பான். அந்த எண்களைக் கண்காணிப்பது நம் வேலை.

மறுப்பதில் இரண்டு வகை உண்டு. இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். ஒன்று, கேட்டதற்குத் தப்பான பதில் வந்தது. அதாவது தெரியாத ஆள் கதவைத் தட்டுகிறான். இன்னொன்று, கேட்டுக் கேட்டுக் காவல்காரன் களைத்துப்போனான், பதிலே வரவில்லை. அதாவது பதில் சொல்லவே தெரியாத ஏதோ ஒரு பெட்டியை யாரோ இடம் மாற்றிச் சொருகியிருக்கிறார்கள். சுவிட்ச் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் எண்ணுகிறது. ஒழுங்கான இயந்திரம். இரண்டையும் கூட்டி, ‘தோல்வி’ என்று ஒரே தலைப்பு வைத்து, அதற்குச் சிவப்பு நிறமும் கொடுத்தவன் நான்தான்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்குச் சும்மா உட்கார வராது. ஆறு தோட்டத்துச் சுவிட்சுகளின் கணக்கையும் தினமும் தானாக இழுத்து, வாரக் கடைசியில் ஒரே பக்கத்தில் அச்சடிக்கும் நிரலை நானே எழுதினேன். இரண்டு பத்தியாக வைத்தால் பக்கம் நெருக்கமாக இருந்தது. ஒன்றாக்கினேன், அழகாக வந்தது. தலைமை அலுவலகத்தில் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுக் கடிதத்தை ரவாங்கில் என் வீட்டுக் குளிர்பதனப்பெட்டியில் ஒட்டி வைத்திருந்தேன். இப்போது கிழித்துவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் என்னை அழைத்தார். அவரும் நம்மாள்தான். எல்லோரும் ‘பாஸ்’ என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

“தம்பி, உன் ரிப்போர்ட் பாத்தேன். செம லா. ஈஜோக் உள்ள இருக்கிற அந்தத் தோட்டத்துல டிம்பாங்ல உக்காந்திருக்கிற அம்மா யாரு?”

டிம்பாங் என்றால் எடைமேடை. லோரியோடு குலையை நிறுக்கும் இடம். அந்தத் தோட்டத்துச் சுவிட்சில் எட்டாவது போர்ட், எடைமேடைக் கம்ப்யூட்டருடையது.

“பத்மா அக்கா, பாஸ். பதினோரு வருசமா இருக்காங்க.”

“தோல்வி எல்லாம் மத்தியானம் மூணு, நாலு மணிக்குத்தான். கவனிச்சியா? மேனேஜர் தோட்டத்துக்குள்ள ரவுண்டு போற நேரம். போன வாரம் ஒரு தெரியாத மிஷின் வேற பேசியிருக்கு. அதோட நம்பர் நம்ம லிஸ்ட்லயே இல்ல. வெளிய இருந்து லேப்டாப் கொண்டாந்து சொருகி எடையில கைவைக்கிறாங்க. வேற என்ன?”

“நான் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரட்டுமா பாஸ்?”

“போய் என்னத்தப் பாக்கப் போற? அதான் நம்பர் இருக்கில்ல.”

நான் “சரி பாஸ்” என்றேன். இரண்டே வார்த்தை. என் ஆறு வருட வேலையில் இதைவிட மோசமாக நான் எதையும் சொன்னதில்லை.

அன்று மாலைக்குள் பத்மா அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வெளிச் சாதனத்தை நிறுவனத்தின் இணைப்பில் சொருகினார் என்பது குற்றச்சாட்டு. அடுத்த வாரம் விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலை போனால் தோட்டத்து வீட்டையும் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் அவரும் மகளும்தான். மகள் இந்த வருடம் எஸ்.பி.எம்., பள்ளி இறுதித் தேர்வு, எழுதுகிறாள். இவ்வளவும் நான் போட்ட சிவப்பு நிறத்திலிருந்து வந்தது.

மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, அந்த மழைக் கோட்டைத் தாண்டினேன். குவாலா சிலாங்கூருக்குத் திரும்பவில்லை. நேராகத் தோட்டத்து அலுவலகத்துக்கு விட்டேன்.

உங்களுக்குத் தோட்டத்துப் பழக்கம் இல்லையென்றால் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தோட்டத்து அலுவலகத்துக்கு முன்னாலும் புல்தரையில் ஒரு மழைமானி நட்டு வைத்திருப்பார்கள். தினமும் காலையில் கிராணி, அதாவது அலுவலகக் கணக்கர், அதை அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். ரப்பர் இருந்த காலத்திலிருந்து இப்படித்தான். சுவிட்ச் வரும் போகும், அந்தப் புத்தகம் நிற்காது. அங்கே கிராணி மணியம் அண்ணன். நான் கேட்டதும் அவர் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“மழைப் புத்தகமா? அத யாரும் கேட்டு வந்ததில்லையே. ஆடிட்டுக்கு வர்றவன்கூட தூசி தட்டிட்டுப் போயிருவான். உனக்கு எதுக்கு, நாத்து நடப் போறியா?”

அவர் தேதியை வாசித்தார். நான் என் அறிக்கையோடு ஒத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. தோல்வி ஏறிய நாளில் மழை இல்லை, மழை பெய்த நாளில் தோல்வி இல்லை. புத்தகத்தை மூடிவிட்டேன். வெறுத்துப்போய் எழுந்தவனைப் பார்த்து மணியம் அண்ணன் சிரித்தார்.

“ஏன்யா மூஞ்சி தொங்குது?”

“ஒண்ணும் ஒத்து வரலண்ணே. எல்லாம் ஒரு நாள் ஒரு நாள் தள்ளி நிக்குது.”

“தள்ளித்தான் நிக்கும். காலையில எந்திரிச்சு அளக்கறது நேத்துப் பேஞ்ச மழை. நீ என்ன காலேஜ்ல படிச்ச?”

மறுபடி உட்கார்ந்தேன். ஒரு நாள் தள்ளிப் படித்தோம். மழை, தோல்வி. மழை, தோல்வி. மழை இல்லை, தோல்வி இல்லை. இரண்டு மாதம் வரிசையாக அப்படியே விழுந்தது. மேசையில் தாளம் போட்டேன். பிறகு ஒரு நாள் வந்தது. சுவிட்சில் தோல்வி குவிந்திருந்தது. வழக்கத்தைவிட எவ்வளவோ அதிகம். புத்தகத்தில் மழை இல்லை. பாஸ் சொன்ன அந்தத் தெரியாத மிஷின் பேசியதும் அதே நாள்தான்.

“அன்னிக்கு மழையே இல்ல, தம்பி” என்றார் மணியம் அண்ணன். “நல்லா ஞாபகம் இருக்கு. நீகூட வந்திருந்தியே. டிம்பாங் வேலைய முடிச்சிட்டு இங்க வந்து, வெயிலு கொளுத்துதுன்னு இந்த ஃபேனுக்கு அடியில வந்து உக்காந்த.”

நான் அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. காருக்குப் போனேன். பின்சீட்டில் என் லேப்டாப் கிடந்தது. என் சொந்த லேப்டாப். நிறுவனம் கொடுத்தது அந்த மாதம் பழுதுபார்க்கப் போயிருந்தது. சொந்தச் சாதனத்தை வேலைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது விதி. ஒரு வாரம்தானே என்று கொண்டுவந்தேன். அதைக் கவிழ்த்தேன். அடியில் ஒட்டியிருந்த அடையாள எண்ணை அறிக்கையில் இருந்த எண்ணோடு வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு எழுத்தும் ஒன்றுதான்.

எல்லாம் ஞாபகம் வந்தது. டிம்பாங் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று புகார். நான் போனேன். பத்மா அக்கா எழுந்து நாற்காலி கொடுத்தார். அவருடைய கம்ப்யூட்டர் வயரைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். அதற்கு நிறுவனத்தின் அனுமதி இல்லாததால் இணைப்பு கிடைக்கவில்லை. சரி, நேரே சுவிட்சையே திறந்து பார்க்கலாம் என்று அலமாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். லேப்டாப் அப்படியே மாட்டிக் கிடந்தது. அவர் கலக்கிக் கொடுத்த மைலோவை வெளியே நின்று குடித்தேன். அந்த ஒரு மணி நேரமும் காவல்காரன் நீ யார், நீ யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். என் லேப்டாப் என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்த அம்மாவின் மேல் சுமத்திய குற்றத்தைச் செய்தவன் நான். வரி மாறாமல் அதே குற்றம்.

காரில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. முதலில் வந்த எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அதுதான் வரும். மழையைக் காட்டினாலே போதும், மற்ற எல்லா நாளுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது, இந்த ஒரு நாளை யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள் என்று தோன்றியது. நல்ல எண்ணம் மாதிரியே இருந்தது. ஆபத்தான எண்ணங்கள் பெரும்பாலும் அந்த மாதிரித்தான் இருக்கும்.

மழை அளவு ஒத்துப் போனது சரி. மழைக்கும் வயருக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எடைமேடைக்குப் போனேன். பத்மா அக்காவின் நாற்காலியில், அவருக்குப் பதிலாக மண்டோர் ஆறுமுகம் உட்கார்ந்திருந்தார். வெளிவேலை ஆட்களை மேய்க்கும் மண்டோர். கம்ப்யூட்டரை ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். வெளியே மூன்று லோரி வரிசையில் நின்றது. ஈஜோக் பக்கம் நான் தாண்டி வந்த மழை இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஒரு தடவை உறுமியது.

ஆறுமுகம் அண்ணன் பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டார். மேசைக்கு அடியில் குனிந்தார். கரண்டு பிளக், கம்ப்யூட்டர் வயர், எடை காட்டும் பெட்டியின் வயர் என்று எல்லாவற்றையும் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டார். லோரிக்காரர்களும் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை.

“என்னண்ணே பண்றீங்க?”

“இடி வருதில்ல.”

“யாரு கழட்டச் சொன்னது?”

அவர் தாடையால் சுவரைக் காட்டினார். கதவுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறைக்குள், மலாய் மொழியில் ஒரு சுற்றறிக்கை. இடி மின்னல் வந்தால் எல்லா வயர்களையும் உடனே கழற்ற வேண்டும், கழற்றாமல் சாதனம் எரிந்தால் பொறுப்பாளரே பொறுப்பு. பழைய மேனேஜரின் கையெழுத்து, நிறுவனத்தின் முத்திரை.

“ரெண்டு தடவ மின்னல் அடிச்சு அந்தப் பெட்டி கருகிப்போச்சு. அப்புறம் ஒட்டினாங்க. இது தெரியாதா உனக்கு?”

எனக்குத் தெரியாது. அந்த அறைக்கு ஆறு வருடமாக வந்து போகிறேன். கதவுக்குப் பின்னால் பார்த்ததில்லை.

மழை நின்றது. அவர் திரும்பக் குனிந்தார். சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை. கையில் இரண்டு நீல வயர். நான் போனைத் திறந்து சுவிட்சின் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டேன்.

“எந்த வயர் எதுலண்ணே?”

“யாருக்குத் தெரியும். சொருகிப் பாக்க வேண்டியதுதான். எடை வந்துச்சுன்னா சரி. வரலன்னா மாத்திச் சொருகணும். பத்மாவும் இதத்தான் பண்ணும்.”

சொருகினார். எடை வரவில்லை. எடைப் பெட்டிக்குப் பதில் சொல்லத் தெரியாது என்பதால் அதன் போர்ட்டில் மட்டும் நாங்கள் காவல்காரனை வைக்கவில்லை. இப்போது கம்ப்யூட்டருக்கான எட்டாவது போர்ட்டில் எடைப் பெட்டி போய் உட்கார்ந்திருந்தது. என் போனில் எண்கள் ஏறின. காவல்காரன் கேட்டான், பதில் இல்லை. கேட்டான், பதில் இல்லை. இவர் வெளியே லோரிக்காரரிடம் பொறு பொறு என்று கத்திக்கொண்டே தேடித் தேடி வயரை மாற்றிச் சொருகும்வரை தோல்வி ஏறிக்கொண்டே இருந்தது. நான் அதை அவருக்கு விளக்கினேன்.

“அப்ப உன் சுவிட்சு அந்தப் பெட்டியப் பாத்து யாருடா நீன்னு கேக்குதா?”

“ஆமாண்ணே.”

“அதுக்கு எடை மட்டும்தான் சொல்லத் தெரியும். அதப் போய்ப் பேரு கேட்டா என்ன பண்ணும். நல்ல வேளை, லோரிக்காரனக் கேக்கல. அவன் கெட்ட வார்த்தையில சொல்லியிருப்பான்.”

லோரிக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு துளையையும் சுவரில் பொருத்தியவன் நான். எது எதற்கு என்று எழுதி ஒட்ட வேண்டும். அன்றைக்கு என்னிடம் ஒட்டும் பட்டை தீர்ந்துவிட்டது. அடுத்த முறை வரும்போது ஒட்டலாம் என்று விட்டேன். அந்த அடுத்த முறை வரவே இல்லை.

அங்கிருந்து பத்மா அக்கா வீட்டுக்குப் போனேன். லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், கடைசி வீடு. அவர் மகளின் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“வா தம்பி. இன்னும் என்னத்த எண்ணப் போற?”

“அக்கா, காரணம் கண்டுபிடிச்சிட்டேன். மழைதான். இடிக்குக் கழட்டி மாத்தி மாத்திச் சொருகறதுதான்.”

“இத நீ கண்டுபிடிக்கணுமா? என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே.”

நான் கையிலிருந்த அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“ஸ்கூல் பஸ்ல இவள ஒருத்தி கேட்டாளாம், உங்கம்மா எடையில கைவச்சாங்களாமேன்னு. வந்து சொன்னா. பரீட்சைக்குப் படிக்கிற புள்ள இதத்தான் மனசுல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.” அவர் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தினார். “சரி, அந்தத் தெரியாத மிஷின்னு ஒண்ணு சொல்றாங்களே, அது என்ன?”

“அதையும் பாத்துக்கறேன்க்கா” என்றேன்.

சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அந்த இஸ்திரி மேசைக்கு முன்னாலேயே. முதலில் தெரிந்துகொள்ள உரிமை உள்ளவர் அவர்தான். நான் அவருடைய வாசலிலிருந்து நழுவினேன்.

விசாரணை அடுத்த வாரம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, தோட்டத்து மேனேஜரின் அறையில். பாஸ் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தார். உள்ளே போகுமுன் தாழ்வாரத்தில் அவரிடம் மழைப் புத்தகத்தின் நகலையும் சுற்றறிக்கையின் படத்தையும் காட்டினேன். வேகமாகப் புரட்டினார். அவர் முட்டாள் இல்லை, உடனே புரிந்தது.

“சரி, மழை நாள்லாம் விட்டுடுவோம். ஆனா இந்த ஒரு நாள் இருக்கே. மழையும் இல்ல, லிஸ்ட்ல இல்லாத மிஷினும் பேசியிருக்கு. இதுக்கு அந்த அம்மா பதில் சொல்லட்டும். நீ மழையைப் பத்தி மட்டும் பேசு. மத்தத நான் பாத்துக்கறேன்.”

“பாஸ், அந்த நாளைப் பத்தி—”

“ஒரு கேஸுன்னு ஆரம்பிச்சிட்டு, ஒண்ணுமில்லன்னு சொல்லி நான் திரும்பிப் போக முடியாது, தம்பி. புரிஞ்சுக்க.”

எனக்கு நன்றாகப் புரிந்தது. அதுவரை பயம்தான் அதிகமாக இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தில் பயம் கோபமாக மாறியது.

உள்ளே நான்கு பேர். மேனேஜர், பாஸ், பத்மா அக்கா, நான். மழையைப் பற்றிச் சொன்னேன். மேனேஜர் தலையாட்டினார், சுற்றறிக்கையை அவரும் அன்றுதான் முதன்முதலாகப் படித்தார். பிறகு பாஸ் அந்தத் தேதியைச் சொன்னார். அறிக்கையைப் பத்மா அக்காவின் பக்கம் திருப்பினார். விரலால் அந்த எண்ணைச் சுட்டினார்.

“இந்த மிஷின் யாரோடதுமா?”

“எனக்குத் தெரியாதுங்க. என்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு.”

“நீங்க உக்காந்திருந்த மேசை. நீங்க இருந்த நேரம்.”

“அது என்னோடது” என்றேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேனேஜர் மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பாஸ் கையில் இருந்த தாளில் விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். ஐந்தாவது எழுத்திலேயே விரல் நின்றுவிட்டது. மேனேஜர் நிறுத்தவில்லை. பன்னிரண்டையும் வாசித்து முடித்தார்.

“நீ என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?” என்றார் பாஸ்.

“தெரியும் பாஸ். சொந்த லேப்டாப், அனுமதி இல்லாம சொருகினேன். சொருகிட்டு மறந்துட்டுப் போயிட்டேன். அந்த நாள் ஏறின தோல்வி முழுக்க என்னோடது. இவங்க மேல போட்டிருக்கிறதத் தூக்கி அப்படியே என் மேல போடுங்க.”

பத்மா அக்கா என்னைப் பார்க்கவில்லை. கவிழ்ந்து கிடந்த லேப்டாப்பைத்தான் பார்த்தார்.

“நான் எந்திரிச்சு உனக்கு நாற்காலி குடுத்தேனே, அன்னிக்கா?”

“ஆமாக்கா.”

அந்தக் கேள்விக்குப் பிறகு பாஸ் என்ன சொன்னார், மேனேஜர் என்ன எழுதினார் என்பது எதுவும் என் காதில் சரியாக விழவில்லை.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குச் சுவிட்சுகளின் அமைப்பை மாற்றும் உரிமையை எடுத்துவிட்டார்கள். எனக்கு வர வேண்டியதுதான். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. பத்மா அக்கா அடுத்த நாளே நாற்காலிக்குத் திரும்பினார். வீடு போகவில்லை. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அவருக்கும் ஒரு கடிதம் வந்தது. போதிய ஆதாரம் இல்லாததால் வேலையில் தொடர அனுமதிக்கப்படுகிறார். ஆனால் அனுமதியின்றி நெட்வொர்க் வயர்களைக் கழற்றியதற்காகக் கடுமையாக எச்சரிக்கப்படுகிறார். இது அவருடைய பணிக் கோப்பில் வைக்கப்படும்.

கழற்றச் சொல்லிச் சுவரில் ஒட்டியது இதே நிறுவனம். கழற்றாவிட்டால் நீதான் பொறுப்பு என்று மிரட்டியதும் இதே நிறுவனம். பாஸுக்குப் போன் போட்டேன்.

“ஒரு லெட்டர்தானே லா” என்றார். “வேலை இருக்கில்ல. அந்தம்மாவே சும்மா இருக்கு, உனக்கு என்ன?”

ஒரு லெட்டர் இல்லை அது. அடுத்த முறை எந்தச் சிவப்பு எண் வந்தாலும், யார் மேல் போடலாம் என்று கோப்பைத் திறக்கிறவனுக்கு முதல் பக்கத்திலேயே அவர் பெயர் கிடைக்கும். ஆதாரம் இல்லை என்பதற்கும் செய்யவில்லை என்பதற்கும் உள்ள தூரத்தை அந்த அம்மா வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். பாஸால் வெறுங்கையோடு திரும்ப முடியாமல் போனதற்காக.

கடிதம் வந்த அன்று மத்தியானம் எடைமேடைக்குப் போனேன். இரண்டு துளைக்கும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். வயர்களில் ஒன்றை மஞ்சளாக மாற்றினேன். பத்மா அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் தரையில் மண்டியிட்டு ஒட்டி முடிக்கும்வரை லோரிகளை எடை போட்டுக்கொண்டே இருந்தார். மைலோ கிடைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தேன். சுற்றறிக்கை இல்லை. நான்கு மூலையில் பசை மட்டும் இருந்தது.

“கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க” என்றார். “விசாரணை முடிஞ்ச அன்னிக்கே.”

“என் போன்ல படம் இருக்குக்கா.”

“இருக்கட்டும்.”

“அந்த லெட்டரை எடுக்க வைக்கிறேன்க்கா.”

அவர் முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். “நீ சொல்றதெல்லாம் போதும் தம்பி. அடுத்த தடவ இந்தப் பக்கம் வந்தா லெட்டரோட வா. இல்லன்னா வேற ஆள அனுப்பு.”

ஆகவே திங்கட்கிழமை நான் தலைமை அலுவலகத்துக்குப் போகிறேன். மழைப் புத்தகத்தின் நகல், மணியம் அண்ணனின் கையெழுத்தோடு. சுற்றறிக்கையின் படம். அன்று ஆறுமுகம் அண்ணன் வயரை மாற்றிச் சொருகியபோது போனில் பதிந்த எண்கள். என் அறிக்கையின் புதிய வடிவம், தப்பான பதில் ஒரு பத்தி, பதிலே வராதது ஒரு பத்தி. பாஸுக்கு மேலே இருக்கிற பணியாளர் பிரிவுத் தலைவரிடம் நேரம் கேட்டேன், கொடுக்கவில்லை. கொடுக்கும்வரை வரவேற்பறையில் உட்காருவேன். எனக்குச் சும்மா உட்கார வராது என்று சொன்னேனே, அதையும் கற்றுக்கொள்ளப் பார்க்கிறேன்.

உங்களுக்கு வேலை வைத்திருக்கிறேன். மேசைமேல் ஒட்டும் பட்டை மூன்று சுருள் இருக்கிறது, இன்னும் ஒட்டாத ஐந்து தோட்டத்துக்கும் போதும். பழைய சிவப்பு அறிக்கை இனி போகாது, நிறுத்திவிட்டேன். யார் கேட்டாலும் என் பெயரைச் சொல்லுங்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு எடைமேடைக்கு மத்தியானம் இரண்டரைக்குள் போய்ச் சேருங்கள். போனைப் பையில் வையுங்கள். கதவுக்குப் பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். இதே சுற்றறிக்கை மற்ற ஐந்து தோட்டத்திலும் இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் யாரும் கிழிப்பதற்குள் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் அந்த வரவேற்பறையில்தான் இருப்பேன், எனக்கு அது தேவைப்படும்.

ஈஜோக் தோட்டத்துக்கு மட்டும் போக வேண்டாம். அங்கே நான்தான் போக வேண்டும், லெட்டரோடு.